பீரங்கி வெடிக்க வேண்டிய இடம்

சான் கஸியானோ நகரசபை பேண்டில் மொத்தம் பதினேழு பேர். இருவருக்குக் காது மந்தம், ஒருவருக்குச் சொந்தப் பல் கிடையாது, ட்ரம்பெட் ஊதும் மூவரும் மூன்று கட்சி. தொண்ணூறு பேர் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய, ரஷ்ய மேதை ஒருவரின் பீரங்கி இசையை இந்தப் பதினேழு பேரும் ஜூலை இருபத்தைந்தாம் தேதி சதுக்கத்தில் வாசித்தாக வேண்டும் என்று மேயரம்மா சொன்னபோது, பேண்டு மாஸ்டர் தோன் எவேலியோ, அதாவது எவேலியோ ஐயா, குடித்துக்கொண்டிருந்த காப்பி மூக்கு வழியாக வெளியே வந்தது. வந்த காப்பியை இரண்டு கோப்பையில் பிடித்தோம் என்று நகரசபைக் காவலாளி இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

"டீவியில பாத்தேன், வாத்தியாரே. அமெரிக்காக்காரங்க அவங்க சுதந்திர தினத்துக்கு இதைத்தான் வாசிக்கிறாங்க. கடைசியில நிஜப் பீரங்கி, டம்மு டம்முன்னு. ஜனம் தேம்பித் தேம்பி அழுவுது. நமக்கும் அதேதான் வேணும்."

"அம்மா, நம்ம நாட்டுல பட்டாளமே கிடையாதே. பீரங்கிக்கு எங்க போவேன்?"

"அது உங்க பாடு. சங்கீதம் படிச்சவர் நீங்க."

எவேலியோ தலையாட்டிவிட்டு வந்தார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கார்த்தாகோவின் குளிர்ந்த மலையிலிருந்து குவானகாஸ்தே என்னும் இந்த வெயில் மாகாணத்துக்கு வந்த பதினோரு வருடத்தில் அவர் வாய் திறந்து பேசியதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். மிச்சமிருக்கும் இடத்தில் முகவரியும் எழுதலாம். குவானகாஸ்தேக்காரர்கள் மலைநாட்டார் எல்லோரையும் 'கார்த்தாகோ' என்றுதான் கிண்டலாக அழைப்பார்கள். இவர் நிஜமாகவே கார்த்தாகோ என்பதால் கிண்டலுக்குக் கூட வழியில்லாமல் போயிற்று.

இந்த ஜூலை முப்பத்தொன்றோடு அவருக்கு ஓய்வு. ஆகஸ்ட் முதல் தேதி காலை ஆறு மணி பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கியாகிவிட்டது. மலையில் அக்கா ஓர்த்தென்சியா அவருக்காக ஓர் அறையை வெள்ளையடித்து, கம்பளி இரண்டை உலர்த்தி வைத்திருக்கிறாள். எல்லாம் தயார். ஒன்று மட்டும் தயாராகவில்லை. பேண்டில் பெரிய முரசு அடிக்கும் தோஞ்ஞா ஓத்தீலியாவிடம் அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. ஒரே வார்த்தைதான். ஏழு வருடமாக அது தொண்டையில் நெல்லுமணி போல நின்றுகொண்டிருந்தது.

ஓத்தீலியா ரோஸ்கீயா சுடுகிறவள். சோளமும் பாலாடைக்கட்டியும் பிசைந்து, வளையல் போல வளைத்து, மண் அடுப்பில் மொறுமொறுவென்று எடுப்பாள். முரசு அவள் புருஷனுடையது. அவர் காலமாகி ஒரு வருடம் அது மூலையில் கிடந்தது. அதற்குள் எலி குடியேறப் பார்க்கவும், "சும்மா கிடக்குறதுக்கு நானே அடிக்கிறேன்" என்று ஒரு நாள் ஒத்திகைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் முதல் அடி அடித்தபோது தேவாலயத்துப் புறாக்கள் கிளம்பின. மூன்று நாள் கழித்துத்தான் திரும்பி வந்தன.

சனிக்கிழமை தோறும் ஒரு பொட்டலம் கொண்டுவந்து எவேலியோவின் மேசையில் வைப்பாள்.

"உடைஞ்சதுங்க, வாத்தியாரே. விக்க முடியாது. கோழிக்குப் போடுறதுக்கு உங்களுக்குப் போடலாம்னு கொண்டாந்தேன்."

ஒரு வளையல் அடுப்பில் உடைந்தால் விளிம்பு கருகியிருக்கும். இவள் கொண்டுவருபவை எல்லாம் வெள்ளையாக, கையால் பிட்ட மாதிரி உடைந்திருக்கும். எவேலியோ இதை ஐந்தாம் வருடமே கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்து, தலையாட்டினார்.

ஆகவே பீரங்கி இசையை ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதும் வேலையில் அவர் ஜூன் மாதம் முழுவதும் மூழ்கினார். வயலின்கள் புயலாக ஓடும் இடத்தை மூன்று கிளாரினெட்டுகளுக்குக் கொடுத்தார். அவற்றில் ஒன்று பொய்ப்பல் தோன் கிரிசாந்தோவுடையது என்பதால் அவருக்கு மட்டும் இரண்டுக்கு ஒரு சுரத்தைக் கழித்தார். தொடக்கத்தில் பெரிய நரம்பு வாத்தியங்கள் பிரார்த்தனை போலப் பாடும் இடம் சாக்ஸபோன்களுக்குப் போயிற்று. மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா மூலத்தில் கிடையாது. ஆனால் மரிம்பா இல்லாமல் இந்த மாகாணத்தில் ஒரு கழுதைகூட நின்று கேட்காது. எனவே மணியோசைக்கு மரிம்பா, தேவாலய மணி, நாற்பது மாட்டு மணி.

கையைக் கட்டிப்போட்டது வேறொரு சங்கடம். மூல இசையில் இரண்டு நாட்டு மெட்டுகள் சண்டை போடும். ஒன்று மற்றொன்றை மிதித்துத் தள்ளி ஜெயிக்கும். ஆனால் விழாவுக்குக் காரணமான அந்தப் பழைய ஜூலை இருபத்தைந்தில் யாரும் யாரையும் மிதிக்கவில்லை. அன்றைக்குத்தான் இந்தப் பகுதி மக்கள் கூடி உட்கார்ந்து, பேசி, இந்த நாட்டோடு சேர்ந்துகொள்கிறோம் என்று தாங்களாகவே முடிவு செய்தார்கள். 'எங்கள் விருப்பத்தால்' என்ற அந்த வாசகம் பள்ளிக்கூடச் சுவர் முதல் சோடா பாட்டில் வரை எழுதியிருக்கும். சண்டையே நடக்காத விழாவுக்குச் சண்டை இசையை என்ன செய்வது?

நான்கு நாள் யோசித்து, எவேலியோ இரண்டு மெட்டையும் ஒன்றையொன்று துரத்தவிட்டார், மூச்சு வாங்கவிட்டார், கடைசியில் இணைத்துவிட்டார். இணைகிற இடத்துக்கு முன்னால் ரஷ்ய மேதையின் கனவில்கூட வராத ஏழு தாளக் கட்டங்களைத் தன் கையால் சேர்த்தார். அதில் அவரே வாசிக்கும் ஒரே ஒரு கிளாரினெட், மிக மெல்லிய முரசு. மற்ற பதினாறு பேரும் சும்மா.

ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் ஓத்தீலியா குச்சியை நிறுத்தினாள்.

"வாத்தியாரே, இங்க நானும் நீங்களும் மட்டும்தான் இருக்கோம். மத்தவங்க எங்க போனாங்க?"

"அவங்க... மூச்சு வாங்குறாங்க."

"ஏழு கட்டத்துக்கா? மரிம்பாவுக்கு எதுக்கு மூச்சு?"

டிராம்போன் ஊதும் கசாப்புக்கடை நிக்கானோர் இருமினார். அவர் இருமலுக்கு அர்த்தம் ஊருக்கே தெரியும். எவேலியோ தாளைப் பார்த்துத் தலையாட்டினார்.

பீரங்கி விஷயத்தை ஒரு வழியாகத் தீர்த்தார். தேவாலயத் திருவிழாவுக்கு அதிர்வேட்டு விடும் தோன் தாச்சோவைப் பிடித்து, மேடைக்குப் பின்னால் இருபத்தொரு வேட்டுடன் நிற்கச் சொன்னார். "நான் இடது கையை உசத்தினா ஒண்ணு விடுங்க. ஐஞ்சு தடவை உசத்துவேன். மிச்சத்தைக் கடைசியில சேத்து விடுங்க."

இங்கேதான் விதி விளையாடியது. வேட்டுக்கு ஊர்ப்பெயர் பொம்பேத்தா. பதினேழு தாளில் ஐந்து இடம், எண்பத்தைந்து தடவை எழுத வேண்டும். எவேலியோ சுருக்கி 'பொம்பா' என்று எழுதினார். ஒவ்வொரு பொம்பாவுக்கும் மேலே, இசை நின்று காத்திருக்க வேண்டும் என்பதற்கான குறியை, புள்ளிக்கு மேல் புருவம் வளைத்த மாதிரி போட்டார்.

குவானகாஸ்தேயில் பொம்பா என்றால் வேட்டு அல்ல. ஆட்டம் சூடு பிடித்திருக்கும்போது யாராவது "பொம்பா" என்று கத்தினால், மரிம்பாவும் கொம்பும் அந்தரத்தில் நிற்கும். கத்தியவர் நாலு வரி எடுத்து விடுவார்: கிண்டல், காதல், வம்பு, எதுவானாலும். யாரைக் குறித்து விட்டாரோ அவர் எசப்பாட்டு சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஊருக்கே கொயோல் பனங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும். அதோடு, பேரன் காலம்வரை ஏச்சு கேட்க வேண்டும். ஒரு பொம்பா நடக்கும்போது குறுக்கே பேசுவதும் பூசையில் தும்முவதும் ஒன்று. எவேலியோ இதைப் பதினோரு வருடத்தில் ஆயிரம் தடவை பார்த்தவர். ஆனால் பேனா கையில் இருக்கும்போது அவர் மலைக்காரராகிவிடுவார்.

கூரைத் தகரத்துக்குப் பயந்து ஒத்திகையில் வேட்டு விடவில்லை. அந்த இடங்கள் வந்தபோதெல்லாம் எவேலியோ கையை உயர்த்தி, "இங்க பொம்பா. சரி, அடுத்து," என்று தாண்டிப் போனார். பதினேழு பேரும் தாளைப் பார்த்தார்கள். இசை நிற்கிறது. புருவம் வளைந்திருக்கிறது. பொம்பா என்று எழுதியிருக்கிறது. இதற்குமேல் என்ன சந்தேகம்?

அன்று மாலையே நிக்கானோரின் கசாப்புக்கடையில் கூட்டம் கூடியது. எவேலியோவுக்கு இது வெகு நாள் கழித்துத்தான் தெரிய வந்தது.

"பாத்தீங்களா? ரஷ்யாக்காரன் பாட்டுல நம்ம பொம்பாவ வச்சிருக்காரு," என்றாராம் நிக்கானோர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. "பதினோரு வருசம் கழிச்சு மனுசன் நம்ம ஆளாயிட்டாரு. போற நேரத்துல."

"யார் எதைச் சொல்றதுன்னு அவர் எழுதலையே," என்றார் கிரிசாந்தோ.

"நம்ம கிட்ட விட்டுட்டாருய்யா. அதுதான் மரியாதை."

பங்கு பிரித்தார்கள். கடைசி பொம்பாவை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஓத்தீலியாவைப் பார்த்தார்கள். அவள் மாவுக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, "பாக்கலாம்," என்றாளாம்.

ஜூலை இருபத்தைந்து. பிற்பகல் நான்கு மணி, மழைக்கு முந்திய புழுக்கம். சதுக்கத்தில் ஒரு ஊசி போட்டால் கீழே விழாது. யாராவது தோளில்தான் நிற்கும். குதிரைக்காரர்கள் குதிரையிலேயே உட்கார்ந்து கேட்டார்கள். மேயரம்மா முன் வரிசையில், கைக்குட்டையை அழுகைக்குத் தயாராக மடித்து வைத்திருந்தார்.

பிரார்த்தனை மெட்டு நன்றாகவே போயிற்று. சாக்ஸபோன்கள் இவ்வளவு பக்தியாக ஊதி யாரும் கேட்டதில்லை. கிளாரினெட்டுகள் புயலாக ஓடின. கிரிசாந்தோ பாதி சுரத்தில் ஓடியும் அரைச் சுரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். பிறகு முதல் புருவம் வந்தது. எவேலியோ இடது கையை உயர்த்தி, காதைத் தயாராக இறுக்கிக்கொண்டார்.

"பொம்பா!" என்று கத்தினார் நிக்கானோர்.

மேடைக்குப் பின்னால் தீக்குச்சியைக் கிழித்திருந்த தோன் தாச்சோ அந்தச் சொல்லைக் கேட்டதும், பரம்பரைப் பழக்கத்தில், குச்சியை ஊதி அணைத்துத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். நிக்கானோர் எழுந்து நின்றார்.

"மாட்டுக்கு மணி கட்டினா மந்தைக்கெல்லாம் வழி தெரியும்;
வீட்டுக்கு வந்த கார்த்தாகோக்கு விருந்து மட்டும்தான் தெரியும்."

சதுக்கம் சிரித்த சிரிப்பில் குதிரைகள் இரண்டடி பின்னால் போயின. எவேலியோவின் உயிரும் அதே அளவு பின்னால் போயிற்று. உயர்த்திய கை கீழே இறங்க மறுத்தது. இசையைத் தொடர்வதா, மயங்கி விழுவதா? அவர் முடிவு செய்வதற்குள், அவருடைய எசப்பாட்டைக் கடனாக வைத்துவிட்டு, பேண்டு தானாகவே அடுத்த கட்டத்தில் பாய்ந்துவிட்டது. இவ்வளவு ஒழுங்காக அவர்கள் ஒருநாளும் சேர்ந்து எடுத்ததில்லை. அப்போதுதான் அவர் தன் தாளைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். ஆண்டவனே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். இன்னும் நாலு இருந்தது.

இரண்டாவதுக்குப் பொய்ப்பல்லை ஒரு கையில் எடுத்துக்கொண்டு கிரிசாந்தோ எழுந்தார்.

"பல்லு ரெண்டு கழண்டாலும் பாட்டு மட்டும் கழலல;
சொல்ல வந்த சேதிதான் சிலருக்கு வாயில நுழையல."

யாரைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை. அறுநூறு தலை எவேலியோவைப் பார்த்துவிட்டு ஒரே நேரத்தில் முரசுப் பக்கம் திரும்பியது. மூன்றாவதை மரிம்பாக்காரி மேயரம்மாவின் குண்டுங்குழி ரோட்டுக்கு அர்ப்பணித்தாள். மேயரம்மா கைக்குட்டையைக் கீழே வைத்துவிட்டு, அதே வேகத்தில் எசப்பாட்டு விட்டார். மரிம்பாக்காரியின் மாமியார் அதில் அகப்பட்டுக்கொண்டாள். நான்காவது, ட்ரம்பெட் மூவரும் மூன்று கட்சியையும் சேர்த்துத் திட்டிய கூட்டு முயற்சி. வரலாற்றில் அவர்கள் ஒத்துப்போன ஒரே சம்பவம் அது.

பிறகு அந்த ஏழு கட்டம் வந்தது. எவேலியோ குச்சியைக் கக்கத்தில் இடுக்கி, தன் கிளாரினெட்டை எடுத்தார். முரசு மிக மெல்ல, தூரத்து மழைபோலத் தொடங்கியது. அவ்வளவு கூட்டமும் மூச்சு வாங்கவில்லை. அவர் சொல்லத் தெரியாத அனைத்தும் அந்த ஏழு கட்டத்தில் இருந்தது: கையால் பிட்ட ரோஸ்கீயாக்கள், சனிக்கிழமைகள், ஆறு மணி பஸ். முரசு ஓர் இடத்திலும் அவரை முந்தவில்லை, பின்தங்கவும் இல்லை. பக்கத்திலேயே நடந்து வந்தது. இரண்டு மெட்டும் சேர்ந்தன. ஐந்தாவது புருவம்.

"பொம்பா," என்றாள் ஓத்தீலியா. அவள் கத்தவில்லை. கத்தத் தேவையில்லாமல் இருந்தது.

"ஏழு வருசமா பக்கம் வந்து நின்னீங்க;
எதுவுமே சொல்லாம எங்கே பெட்டி கட்டுனீங்க?
முரசுக்குத் தோலிருக்கு, மோதினா அது பேசும்;
மனுசனுக்கு வாயிருக்கு, எப்பத்தான் அது பேசும்?"

யாரும் சிரிக்கவில்லை. தாச்சோ தொப்பியோடு மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். எசப்பாட்டு வந்தாக வேண்டும். எவேலியோ கிளாரினெட்டைத் தாளின்மேல் வைத்தார். தலையாட்டிப் பார்த்தார்.

"ஆட்டினா போதாது, வாத்தியாரே," என்றது கூட்டத்தில் ஒரு குரல். "பேசணும்."

அவர் தொண்டையைச் செருமினார். குரல் கரகரவென்று, பெட்டியில் வெகு நாள் பூட்டி வைத்த சட்டைபோல மடிப்பு மடிப்பாக வெளியே வந்தது.

"மலையூரில் பொறந்தேன் நான், மழையில வளந்தேன் நான்;
வெயிலூருக்கு வந்து சேந்து வேர்விட்டு நிக்கேன் நான்;
போன்னு நீங்க சொல்லிட்டா பெட்டியைத் தூக்குவேன்..."

அங்கே நின்றுபோயிற்று. நாலாவது வரி இல்லை. சதுக்கமே அவருக்காக உதட்டை அசைத்தது. நிக்கானோர் காதோடு எதையோ சொல்லப் பார்த்தார். கிரிசாந்தோ அவர் காலை மிதித்தார். எவேலியோ ஓத்தீலியாவைப் பார்த்தார். வரிக்குப் பதிலாகக் கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

ஓத்தீலியா குச்சியை முரசின்மேல் சாய்த்தாள்.

"போகாதீங்க, பெட்டியை என் அடுப்புல நான் போடுவேன்."

அப்புறம் நடந்ததை முழுதாகச் சொன்னால் நம்பமாட்டார்கள். கூட்டம் போட்ட கூச்சலில், எல்லைக்கு அந்தப்பக்கம் நிகராகுவாக் கோழிகள் வேளை கெட்டு முட்டையிட்டன. அந்தக் கூச்சலைத்தான் கடைசி சைகை என்று எடுத்துக்கொண்ட தாச்சோ, இருபத்தொரு வேட்டையும் ஒரே திரியில் கொளுத்தினார். தேவாலய மணியும் நாற்பது மாட்டு மணியும் சேர்ந்துகொண்டன. பேண்டு முடிவுப் பகுதியை வாசித்ததா இல்லையா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. வாசித்ததாக நிக்கானோர் சொல்கிறார், யாருக்கும் கேட்கவில்லை. மேயரம்மா தேம்பித் தேம்பி அழுதார். பிறகு மழை வந்தது.

எவேலியோவும் ஓத்தீலியாவும் தேவாலய வாசலில் ஒதுங்கி நின்றார்கள். நடுவில் நனைந்த முரசு. எவேலியோ தன் கோட்டைக் கழற்றி முரசின்மேல் போர்த்தினார்.

"தோஞ்ஞா ஓத்தீலியா, ஊர் முன்னாடி சொல்லிட்டோமேன்னு... கட்டாயம்னு எடுத்துக்காதீங்க. நான் தெரியாமத்தான் பொம்பான்னு எழுதினேன். வேட்டுன்னு நினைச்சு."

அவள் சிரித்தாள். முரசு அதிர்கிற சிரிப்பு.

"அது எனக்கு ஒத்திகையிலேயே தெரியும். தாச்சோ வேட்டு சுத்துறதுக்கு என் வீட்டுக் காகிதத்தைத்தானே வாங்கிட்டுப் போனாரு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"பின்ன, உங்களைத் திருத்திட்டு, ஆறு மணி பஸ்ஸுல ஏத்தி விடணுமா?" மழையை நோக்கிக் கையை நீட்டி மாவைக் கழுவுவதுபோல விரல்களைத் தேய்த்தாள். "இந்த ஊரு எப்படி நாட்டோட சேந்துச்சுன்னு கார்த்தாகோவுல சொல்லித் தரலையா? யாரும் பிடிச்சுத் தள்ளல. உக்காந்தோம், யோசிச்சோம், எங்க விருப்பத்தால சேந்தோம். கொஞ்சம் நாளாகும். அவ்வளவுதான்."

ஆகஸ்ட் முதல் தேதி ஆறு மணி பஸ்ஸில் ஓர் இருக்கை காலியாகப் போயிற்று. தம்பி வரவில்லை என்று சேதி கேட்டு, ஏழு மணிக்கு அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அந்த வெயில்ல கருகிப் போயிடுவேடா."

"நான் கருகல, அக்கா. பெட்டிதான் கருகிடுச்சு. சொன்னபடி அடுப்புல போட்டுட்டா."

அன்றைய ரோஸ்கீயாவில் லேசாகப் பெட்டித் தோல் வாசனை அடித்தது. ஊரே வாங்கித் தின்றது; வாத்தியாரின் பங்கான உடைந்ததை மட்டும் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அடுத்த ஜூலைக்கு முன்னால் புது பேண்டு மாஸ்டர் தாள்களைக் கேட்டு வந்தார். இளம் வயது, அவரும் மலைக்காரர். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள் என்று பணிவாகச் சொன்னார். எவேலியோ மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பொம்பா என்ற சொல்லை ஓர் இடத்திலும் அடிக்கவில்லை. ஐந்தாவது புருவத்துக்குப் பக்கத்தில் மட்டும், எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று எழுதும் இடத்தில், பதினேழு தாளிலும் பொறுமையாக ஒரே குறிப்பைச் சேர்த்தார்:

'பதில் வரும் வரை.'